பியூலா வீட்டுக் கேமரா

...சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. அதுக்குள்ள ஒரு சின்னக் கதை. இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப்பேர் நாலு பேரை வச்சு வேலை வாங்குறவங்க. அதனால உங்களுக்குத்தான் சொல்றேன்.

திருநெல்வேலியில ஒரு ஆபீஸ். ஆஸ்பத்திரி பில்லுங்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸுக்கு அனுப்புற ஆபீஸ். அங்க பியூலான்னு ஒரு பொண்ணு, ஒன்பது வருஷ சர்வீஸ். ஸ்கூட்டர்ல போகும்போது விழுந்து முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. சக்கர நாற்காலிதான். ஆபீஸ் இருக்கிறது ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுல இருந்தே வேலை செய்றேன் சார்னு கேட்டா. கொடுத்துட்டாங்க.

அவளுக்கு மேலதிகாரி கோமதிநாயகம். கெட்டவரா? இல்லைங்க. நேரத்துக்கு வருவார், யாரையும் திட்டமாட்டார். ஆனா மனுஷன் கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கைப் பார்த்துட்டார். தினமும் நாலு தடவை, இருபது இருபத்தஞ்சு நிமிஷம், பியூலாவோட மவுஸ் அசையவே இல்ல.

எங்க போறா இவ?

அவ்வளவுதான்... ஒரே ஒரு கேள்வி. உள்ள போயிடுச்சு.

அந்த நேரம் பார்த்து போன் அடிப்பார். எடுக்கமாட்டா. ஒருநாள் அவ புருஷன் ஆசீர் எடுத்து, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடச் சொல்றேன் சார்னார். அடடே... அப்போ புருஷன் வீட்டுலயேதான் இருக்கானா? சரி, வேலையாவது கெட்டுச்சான்னு பார்த்தா, அதுவும் இல்ல. பில்லெல்லாம் தப்பில்லாம முடிஞ்சு வருது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் வரணுமில்ல? வரல. இவ்வளவு நேரம் காணாமப் போறவ எப்படி முடிக்கிறா, புருஷன்தான் உட்கார்ந்து செய்றான்னு முடிவு பண்ணிட்டார். வேலை கெட்டாலும் சந்தேகம், நல்லா நடந்தாலும் சந்தேகம்.

இதுக்கு நடுவுல ஆபீஸ்ல ஒருத்தர் வந்து, பியூலாவை ஒரு கல்யாணத்துல பார்த்தேன், நல்லாச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்கன்னு சொன்னார். முடியாதவ சிரிக்கக் கூடாது பாருங்க... அதையும் குறிச்சு வச்சுக்கிட்டார்.

கடைசியில ஒரு உத்தரவு போட்டார். பியூலாவுக்கு மட்டும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அவ கம்ப்யூட்டர்ல கேமரா ஓடணும், இவர் ஆபீஸ்ல இருந்து பார்ப்பார். நடுவுல நிறுத்தினா அந்த நேரம் வேலை செய்யலன்னு அர்த்தம். பியூலா சண்டை போடல. சரி சார்னு ஒரு வார்த்தை.

மறுநாள். கோமதிநாயகம் தன் அறைக்கு மூணு பேரைக் கூப்பிட்டு வச்சிருக்கார். எதுக்கு? சாட்சிக்கு.

திரையில பியூலா உட்கார்ந்து வேலை பார்க்கிறா. பதினோரு மணிக்கு ஆசீர் வந்தார். வந்தவர் கேமராவைப் பார்த்துட்டு நின்னுட்டார். மெதுவாக் கேட்கிறார்:

"மூடிரட்டுமா?"

"வேண்டாம். மூடினா வேலை செய்யலன்னு எழுதிருவாங்க. நீங்க செய்ங்க."

ஆசீர் அவளை அப்படியே தூக்கிப் பக்கத்துக் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுக்க வச்சார். மூத்திரப் பையை மாத்தினார். அப்புறம் பின்பக்கத் துணியை விலக்கிப் புண்ணைத் துடைச்சு மருந்து போட்டார். ஒரே இடத்துல உட்கார்ந்தே இருந்தா சதை அழுகிடும்ங்க அவங்களுக்கு, அதான் தினமும் நாலு தடவை படுக்க வைக்கிறது. வலிக்காது, அதனால தெரியவும் தெரியாது. யாராவது பார்த்தாத்தான் உண்டு.

பியூலா கண்ணை மூடிக்கிட்டா. கேமரா ஓடிக்கிட்டே இருக்கு...

சாட்சிக்கு வந்த மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம வெளியே போயிட்டாங்க. கோமதிநாயகத்துக்கு எந்தப் பொத்தானை அழுத்துறதுன்னு தெரியல. உள்ளங்கையால திரையை மறைச்சார். அப்புறம் கம்ப்யூட்டரையே அணைச்சுட்டு போன் போட்டார்.

"ஏம்மா... இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். டாக்டர் லெட்டர்ல எல்லாம் எழுதியிருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க."

அன்னைக்கு மத்தியானமே உத்தரவு ரத்து. ஞாயித்துக்கிழமை அவர் பாளையங்கோட்டையில இருக்கிற அவ வீட்டுக்கே போயி மன்னிப்புக் கேட்டார். பியூலா அழல, கோபப்படல. ஆசீர் காபி கொடுத்தார். குடிச்சுட்டு வந்தார்.

முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா?

இது நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் தினமும் நாலு தடவை கோமதிநாயகத்துக்கு மெசேஜ் வருது. 'சார், படுக்கப் போறேன்.' கொஞ்ச நேரத்துல, 'சார், வந்துட்டேன்.' யாரும் கேட்கல. அவரே கெஞ்சிப் பார்த்துட்டார், இதெல்லாம் அனுப்ப வேண்டாம்மான்னு. அவ சொல்றா:

"இருக்கட்டும் சார். நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல."

பார்த்தீங்களா... அவர்கிட்ட இருந்த சந்தேகம் போயிடுச்சு. போயி எங்க உட்கார்ந்திருக்கு? அவகிட்ட. முன்னெல்லாம் வேலைக்கு நடுவுல நாலு வார்த்தை வீட்டுக்கதை பேசுற பொண்ணு. இப்போ எந்த நல்ல வார்த்தை சொன்னாலும், எதுக்குச் சொல்றாங்கன்னு யோசிக்கிறா.

அதனாலதான் சொல்றேன். முடியாத ஒரு மனுஷனுக்கு ஒரு வசதி செஞ்சு கொடுத்தீங்கன்னா, முழுசாக் கொடுங்க. நாற்காலியைக் கொடுத்துட்டு, உட்கார்றானா உட்கார்றானான்னு ஓட்டை வழியாப் பார்க்காதீங்க. தெரியலையா, அந்த மனுஷன்கிட்டயே கேளுங்க. அவங்க கொடுத்த காகிதத்தைப் படிங்க. நம்பி ஏமாந்தா நமக்கு அரைமணி நேர வேலை போகும்... அவ்வளவுதான் போகும். நம்பாம ஏமாந்தோம்னா, ஒரு மனுஷி நம்மளை நம்புறதையே விட்டுருவா. அதுக்கப்புறம் எந்த ஞாயித்துக்கிழமை போயி, எத்தனை காபி குடிச்சாலும் அது திரும்பி வராதுங்க.