‘போலே’ என்றுதான் சொன்னேன்

பழைய கிராஃபிங் கால்குலேட்டரை யாரும் மதிப்பதில்லை, இன்ஸ்பெக்டர். பள்ளி முடிந்ததும் டிராயரில் போட்டு மறந்துவிடுவார்கள். நான் மறக்காதவன். அதில் மற்றவர்களின் புரோகிராம்களை ஓட்டிவைக்கும் ‘ஷெல்’லை எழுதியது நான்தான், இந்த லாபிஸ் ஊரில் உட்கார்ந்துகொண்டு.

வேலை எளிது. ஒவ்வொரு புரோகிராமும் மெமரியில் இந்த முகவரியில்தான் குடியிருப்பேன் என்று அடம்பிடிக்கும். ஷெல் அதை வேறு இடத்தில் குடிவைத்து, உள்ளே இருக்கும் முகவரிகளையெல்லாம் புது இடத்துக்கு ஏற்ப மாற்றித் தரும். ஒன்றை விட்டால், புரோகிராம் பக்கத்து வீட்டுச் சோற்றில் கைவைக்கும்.

ஜீவன் நல்ல பையன். சிம்பாங் ரெங்கம் பக்கம், போன் லைன் கிடைக்காத எஸ்டேட் வீடு. மனைவி ஷர்மினிக்குச் சர்க்கரை வியாதி. எத்தனை யூனிட் இன்சுலின் போடவேண்டும் என்று டாக்டர் தந்த அட்டவணையை வைத்துப் புரோகிராம் எழுதியிருந்தான். என் ஷெல்லில்தான் ஓடியது. ஒருநாள் மாமாக் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “அண்ணே, உங்க ஷெல்லு வெறும் லாரி லா. சாமான் எங்களோடது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் குடித்த தே தாரிக்கையும் என் கணக்கில் போடச் சொன்னேன்.

புதுப் பதிப்பில் ஷெல் அவன் புரோகிராமைப் பெயரைப் பார்த்தே கண்டுகொள்ளும். மற்ற முகவரிகளை ஒழுங்காக மாற்றும். அட்டவணையின் முகவரியை மட்டும் சில வரிகள் தள்ளிவைக்கும். திரை உறைந்துபோனால் உஷாராகிவிடுவானே, அதனால் உறையவிடவில்லை.

ஜீவன் டவுனுக்கு வந்து போன் செய்தான். “அண்ணே, என் பழைய புரோகிராம் புது ஷெல்லுல ஓட போலேவா?”

“போலே” என்றேன். முடியுமா என்றுதான் மலாயில் கேட்டான், முடியும் என்றேன். சரியாக ஓடுமா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாதவனுக்கு நான் என்ன செய்வது?

சோதிக்காமல் எதையும் வெளியிடும் பழக்கம் எனக்கில்லை. ஜீவன் முன்பு தந்திருந்த பிரதியில் ஷர்மினியின் சர்க்கரை அளவைப் போட்டுப் பார்த்தேன். ஆறு வரவேண்டிய இடத்தில் பதினாறு வந்தது. மறுபடியும் பார்த்தேன், பதினாறுதான். டாக்டர் மருந்தளவை மாற்றும் வாரம்வரை பொறுத்திருந்து அனுப்பினேன். டாக்டர் மாற்றிய அளவு என்று நினைத்துப் பதினாறையும் போட்டுக்கொண்டாள், அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் நாற்காலி அடுக்கியதும் நான்தான். தன் புரோகிராமில்தான் தப்பு என்று ஜீவன் என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கே பாவமாக இருந்தது.

உங்கள் ஆட்கள் ‘ஷெல்லில் பிழை’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். என் ஷெல்லில் பிழையே கிடையாது, இன்ஸ்பெக்டர். நான் சொன்னதைத்தான் அது செய்தது.