கழுத்துத் தழும்பு

— கழுத்தைக் காட்டுங்க. சட்டைக் காலரை இறக்குங்கன்னேன்.

— ஏட்டி காளி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— போகலாம், அம்புட்டு அவசரம் என்ன? தாடைக்குக் கீழ, இடது பக்கம். செவசெவன்னு என்ன அது?

— கொசு கடிச்சிருக்கும்.

— ரெண்டு மாசமா ஒரே எடத்துலயா கடிக்கி? நல்ல கொசுதான்!

— இங்க பாரு, வயலின் வாசிக்கவனுக்கு அங்கிட்டு இங்கிட்டு தழும்பு இருக்கத்தான் செய்யும்.

— ஆருகிட்ட சொல்லுதீக? நான் பாட்டுக்காரர் தனுஷ்கோடி மக. எங்க அப்பாவுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வந்து என்னையக் கட்டுனவுக நீங்க. சப்பணம் போட்டு உக்காந்து, வயலின் தலையை வலது கால் கரண்டையில ஊனி வாசிக்கீக. தழும்பு கரண்டையில இருக்கும். இருக்கு, நானே எண்ணெய் தேச்சு விட்டிருக்கேன். கழுத்துக்கு எப்படி ஏறுச்சு?

— அது வந்து...

— வரட்டும், வரட்டும். போன சனிக்கிழமை மலைக்கோயில்ல கச்சேரின்னு போனீகள்ல? அன்னிக்கு அங்க பஜனைக் கோஷ்டிதான் பாடுச்சாம், கேட்டுட்டேன். அதே நேரம் நீங்க கிருஷ்ணன்கோவில் ஊருக்குள்ள ஒரு பச்சை கேட் வீட்டுக்குள்ள நுழைஞ்சதை எதுத்த வீட்டு மாரிச்செல்வி காலேஜ் பஸ்ஸுல இருந்து பாத்திருக்கா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

— படிக்கப் போற புள்ளைக்கு ஜன்னல்ல என்ன வேலை?

— பேச்சை மாத்தாதீக. அவ பேரு என்ன?

— எவ பேரு?

— பச்சை கேட்டுக்காரி பேரு!

— ஜாஸ்மின்.

— ஐயோ, கூசாம சொல்லுதாரே!

— ஜாஸ்மின் டீச்சர்டி. அறுபத்தெட்டு வயசு. சர்ச்சுல பாடுற புள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் குடுக்கவுக.

— பதினாறு வருசமா வாசிக்கவருக்கு அவ என்னத்தைச் சொல்லிக் குடுக்கா?

— நின்னுக்கிட்டு, தோள்ல வச்சு, தாடையால அமுக்கிப் புடிச்சு வாசிக்க. வெஸ்டர்ன். அந்த அமுக்குன எடம்தான் இது. நம்பலைல்ல? இந்தா, இந்த வயலினை எடுத்து வைக்கேன், கிட்ட வந்து பாரு.

— செத்த நேரம் அசையாம இருங்க... ஆமா. தழும்பு மேலயே உக்காருது.

— இப்ப நம்புதியா?

— இதை எங்கிட்டச் சொன்னா முத்தா உதிர்ந்துரும்? ரெண்டு மாசமா ஒரு வாய் சோறு எறங்கலைங்க எனக்கு!

— உங்கிட்டச் சொன்னா சாயங்காலமே உங்க அப்பா காதுக்குப் போயிரும். கழுத்துல வச்சு வாசிக்கவன் என் மேடையில ஏறக் கூடாதுன்னு நாலு பேரு முன்னால சொன்ன மனுசன். அவரு கச்சேரி வருசத்துக்கு எத்தனை? மீதி நாளெல்லாம் ரிசப்ஷன், நகைக்கடைத் திறப்பு விழா, ஸ்கூல் ஆண்டு விழான்னுதான ஓடுது. அங்க கிதார்க்காரன், கீபோர்டுக்காரன் எல்லாம் நின்னு ஆடுதான். நான் மட்டும் நடு மேடையில ஜமுக்காளத்தை விரிச்சு உக்காந்தா, போட்டோக்காரன் என்னைய விட்டுட்டு எடுக்கான். ரெண்டு பேண்டுல கூப்புடுறதையே நிறுத்திட்டாங்க. அசிங்கமாப் போச்சுடி.

— எனக்கு இது ஒண்ணும் தெரியாதே.

— எப்படித் தெரியும்? கச்சேரி கச்சேரின்னு உங்கிட்டப் பொய்தான சொல்லிக்கிட்டிருந்தேன். ஆறு மாசமா டீச்சர்கிட்டப் படிக்கேன். நாளைக்குச் சென்னையில ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல டெஸ்ட்டு. தேறிட்டா அந்த ஸ்டுடியோ குரூப்புலயே வேலை, ஊர் ஊரா அலைய வேண்டாம். நம்ம வயலின் நாதம் அங்க எடுபடாதுன்னு, டீச்சர் செத்துப்போன தன் வீட்டுக்காரர் வயலினை எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டாக. இங்க கொண்டாந்தா மாட்டிக்கிருவேன்னு அங்கயே வச்சிருக்கேன். அதை எடுக்கத்தான் இப்பப் போறேன். சாயங்காலம் ரயிலு.

— நாளைக்கா? என்னங்க... மணி என்ன இப்ப?

— பத்தரை. ஏன் மூஞ்சி இப்படி ஆயிருச்சு? சந்தோசப்படுவன்னுல்ல பாத்தேன்.

— நான்... என் தம்பி வேல்பாண்டியைக் காலையிலயே சீவில்லிபுத்தூர்ல இருந்து கிளம்பச் சொல்லிட்டேன். அந்தப் பச்சை கேட் வீட்டுக்கு.

— என்னத்துக்கு?

— எம்புருசனை விட்டுரும்மான்னு மெரட்டிட்டு வரச் சொல்லி...

— அடிப் பாவி! போனைப் போடு! ஸ்பீக்கர்ல போடு!

— மணி அடிக்கி, எடுக்க மாட்டேங்கான்... எடுத்துட்டான். ஏலே வேலு, எங்க இருக்க?

— திரும்பி வந்துக்கிட்டிருக்கேன்க்கா. அந்தக் கள்ளியைக் கண்ணுல காங்கல. வயசான அம்மா ஒண்ணுதான் கதவைத் தொறந்துச்சு. மகளை உள்ள ஒளிச்சு வச்சிருக்கும்போல.

— அவுக மேல கை வச்சியாலே?

— ச்சே, வயசானவுகளைத் தொடுவேனா? நடுவீட்டுல ஒரு பொட்டி, மேல மாமா பேரு. தொறந்தா வயலினு! வந்துச்சே எனக்கு ஆத்திரம், வாசப்படியில வச்சு ஒரே மிதி. அந்தம்மா இன்னும் கீழ உக்காந்து சில்லு சில்லாப் பொறுக்குது. இனிமே மாமா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாருக்கா, நீ நிம்மதியாச் சாப்புடு.