சினை இல்லை

வெள்ளாட்டுக்கு ஈரத் தரை ஆகாது, சார். அதனால்தான் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பண்ணையில் பட்டிகளை உயரத்தில் பலகை அடித்துக் கட்டியிருக்கிறார்கள். என் பெயர் சாராள். பதினாறு வருஷமாக அங்கே தீவன மூட்டை சுமக்கிறேன்.

கிடாதான் சண்டை போடும் என்று நினைப்பீர்கள். பெட்டை அதைவிட மோசம். தொட்டியில் முதல் இடம் யாருக்கு என்று ஓயாமல் முட்டிக்கொள்ளும். தோற்றது அரை வயிறு தின்னும். அடிக்குப் பயந்தே அதற்குச் சினை கலையும். ஜெயிக்கிற ஆடும் சும்மா ஜெயிப்பதில்லை. கொம்பி என்று ஒரு பெட்டை, எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தது. முட்டி முட்டி மெலிந்து, இரண்டு வருஷமாக அதற்கும் குட்டி தங்கவில்லை. நானும் சின்ன வயதில் மற்றப் பெண்களைவிட ஒரு மூட்டையாவது கூடச் சுமந்து காட்டியவள்தான். எனக்கு இரண்டு தடவை கலைந்தது.

அதனால் சினை ஆடுகளுக்குத் தனிப் பட்டி. வாசல் கரும்பலகையில் ‘சினை’ என்று இருந்தால் வேறு ஆட்டை உள்ளே விடக்கூடாது. அந்த எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ரூத். என்னைவிட இருபது வயது சின்னவள். பண்ணையில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

“யக்கா, னாவுக்கு மின்னாடி இணைக்கொம்பு போடு. கொம்பு இல்லாம வுட்டா ஆடு கோச்சுக்கும்.”

“எனக்கே முட்டத் தெம்பு இல்ல. எழுத்துக்கு இன்னாத்துக்குடி கொம்பு?”

சிரிப்போம்.

தை மாதம் பட்டிப் பொறுப்புக்கு ஆள் கேட்டார்கள். அந்த வேலையில் மூட்டை தூக்க வேண்டாம். என் இடுப்பு அதற்காகவே காத்திருந்தது. மனு எழுதும் அளவுக்கு எனக்கு எழுத்து வரவில்லை. நான் சொல்லச் சொல்ல ரூத் எழுதினாள். ‘சாராள் ஆகிய நான்’ என்று வாசித்தும் காட்டினாள். அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். வேலை அவளுக்குக் கிடைத்தது. “அவங்களே என்னியக் கூப்டாங்கக்கா, நான் இன்னா பண்றது,” என்றாள். நம்பினேன்.

ஆடியில் ஆபீஸ் அறையைப் பெருக்கும்போது அந்தக் காகிதம் கையில் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘ரூத் ஆகிய நான்’ என்று ஆரம்பித்தது. கீழே நான் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. யார் துணையும் இல்லாமல் நான் படித்து முடித்த முதல் காகிதம் அது.

அவளை ஒன்றும் கேட்கவில்லை.

போன திங்கள் காலை, பலகையில் ‘சினை’க்குப் பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அதைப் படித்துத்தான் ஆடு ஓட்டும் செல்வராஜ் கொம்பியை உள்ளே விட்டான். அவன்மேல் தப்பு கிடையாது. மூன்று ஆட்டுக்குச் சினை கலைந்தது. ஆடு கத்தினால் ரூத் யோசிக்காமல் நடுவில் புகுந்து பிரிப்பாள். அப்படிப் பழக்கியதும் நான்தான். புகுந்தாள். கொம்பி அவள் வயிற்றில் முட்டியது.

அவளுக்கு ஐந்து மாதம் என்பது எனக்குத் தெரியாது என்று நேற்று இதே ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். தெரியும். புருஷனுக்குச் சொல்வதற்கு முன்பே என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தவள் அவள். “யாராண்டயும் சொல்லாதக்கா,” என்றாள். இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் துரோகம் தெரியாது.

குழந்தை தங்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். நான் எழுத்துக்குத்தான் கொம்பு போட்டேன், சார். முட்டியது ஆடு.