பினாங்கில் இல்லாதது

பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர். மூத்தவர் போன கப்பலில் பினாங்கிலிருந்து திரும்பியவர்.

"ஏனுங்ண்ணா, அங்க ஆரும் போகாத எடமா என்னத்தைப் பாத்தீங்க?" என்றார் இளையவர்.

"ஊருக்கு வெளிய ஒரு சீனக் கோயிலுங்க தம்பி. உள்ள பூராப் பாம்பு. அதுக்கு அந்தாண்ட காடு, ஓடை. நெதமும் மழைங்க. எங்க சுத்தியும் ஒரு கெணறு கண்ணுல படலீங்க."

"கெணறே இல்லீங்களா? அப்பறம் பங்காளிக எதுக்குங்க சண்டை போட்டுக்குவாங்க?"

"நானும் அதைத்தானுங்க கேட்டேன். அங்க ஒருத்தருக்கும் வெளங்கலீங்க."

கோர்ட்டுக்கு எதிரே பஸ் நின்றது. இளையவர் அண்ணனின் குடையை வாங்கிக்கொண்டார்.

"வெரசா வாங்கண்ணா, நம்ம கெணத்துக் கேசைக் கூப்புட்டுருவாங்க. நீங்க வல்லீன்னா எங்க வக்கீலு ஆரைங்க குறுக்கு விசாரணை பண்றது?"