அண்ணி போட்ட ஆவக்காய்

ஆவக்காய் மாங்காய் ஊறுகாய்க்கு மிளகாய்த்தூள், கடுகுத்தூள், உப்பு மூன்றும் சரிசமம். ஆந்திராவில் எங்கள் கோனசீமைப் பக்கம் இது எல்லோருக்கும் தெரியும். அம்மா பித்தளை ஆழாக்கால் தலை தட்டி அளப்பாள்.

அண்ணி ஹைமாவுக்கு ஆழாக்குப் பழக்கமில்லை. தாயில்லாமல் விஜயவாடா விடுதியில் வளர்ந்தவள். சீர்ப் பாத்திரங்களோடு ஒரு சின்ன மின்தராசும் கொண்டு வந்தாள். தோசைக்கு அரிசியைக்கூட அதில்தான் நிறுப்பாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. வீட்டிலும் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அண்ணி கேட்டாள். பதில் வரும்வரை காத்தும் இருந்தாள்.

ஹைதராபாத்தில் வேலையிலிருந்த அண்ணன் பாஸ்கரம் அங்கே வீடு பார்த்துவிட்டான். அம்மா அண்ணியைக் கூப்பிட்டாள்.

“இந்த வருஷ ஆவக்காய நீ போடு. மழை தாண்டியும் கெடாம நின்னா தசராவுக்கு அவனோட கிளம்பு. ஊறுகா நிக்காத கையில என் பிள்ளயோட குடித்தனத்த எப்படிக் குடுக்கறது?”

ஊறுகாய் பூசணம் பூத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

அண்ணி என்னிடம் வந்தாள். “சின்னி, உங்கம்மா ஆழாக்கு எனக்குப் பிடிபடலடி. கிராம் கணக்குல சொல்லு. தப்பாச் சொன்னே, ஹைதராபாத் வந்தா உனக்கு பிரியாணி கிடையாது.”

அவள் குளிக்கப் போயிருந்தபோது நான் ஏற்கெனவே நிறுத்துப் பார்த்திருந்தேன். ஓர் ஆழாக்கு உப்பு, ஓர் ஆழாக்கு மிளகாய்த்தூளைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம்.

“மூணும் சரிசமம் அண்ணி,” என்றேன். அதில் பொய் இல்லை.

அவள் மிளகாய்த்தூளை நிறுத்தாள். அதே எண் வரும்வரை உப்பைக் கொட்டினாள். ஆழாக்கால் அளந்திருந்தால் மிளகாய்த்தூளில் பாதிகூட இருக்காது.

“இவ்வளவுதானா?”

“தராசே சொல்லுதே.”

மருமகள் கையை மருமகளே காட்டட்டும் என்று அம்மா அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஊறுகாயைக் கிளறி, உப்பு குறைந்திருந்தால் சேர்க்க வேண்டும். அன்று அண்ணி விலக்கு, ஜாடியைத் தொடக்கூடாது. கொல்லையில் நின்றபடி, “உப்பு எப்படிடி இருக்கு?” என்று குரல் கொடுத்தாள். அம்மா ரத்தக்கொதிப்புக்காரி, ஊறுகாயை நாக்கில் வைப்பதில்லை. நான் வைத்தேன். சப்பென்றிருந்தது.

“கச்சிதம் அண்ணி,” என்றேன். ஜாடியின் வாயைத் துணியால் கட்டினேன்.

மழை பிடித்தபின் அம்மா துணியை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. அதே வாரம் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அதற்கு நான் பொறுப்பில்லை. அம்மாதான் இரண்டையும் முடிச்சுப் போட்டாள்.

“கையா அது, பாம்புப் பல்லு! என் பிள்ள பக்கம் போகாதே.”

அண்ணனைப் பார்த்துக்கொள்ள அம்மா மட்டும் ரயிலேறினாள். அண்ணி என்னோடு இருந்தாள். அந்த மழைக்காலம் எனக்கு நன்றாகவே போனது.

மறு கோடையில், ஊர் திரும்பியிருந்த அம்மாவிடம் அண்ணி கெஞ்சினாள். “இன்னும் ஒரே ஒரு தடவ, அத்தை.” அதே தராசு, அதே சரிசமம். “போன தடவ எங்கடி தப்பு?” என்று என்னைக் கேட்டாள். “கைராசியா இருக்கும் அண்ணி,” என்றேன். மூன்றாம் நாள், தன் கை படவேண்டாம் என்று அவளே ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள். அதுவும் பூத்தது.

அதன்பின் அவள் சாமிக்குப் பூ வைப்பதில்லை. அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை. அவனுக்கு வேறு பெண் பார்த்தபோது, “அவராவது நல்லா இருக்கட்டும்,” என்று பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். போக வேறு வீடில்லாததால் எங்கள் பின்கட்டிலேயே இருக்கிறாள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

உப்பைக் குறைத்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவள் தன் கையை மறுபடி நம்புவாள். ஆனால் பாவம், இப்போது அவளுக்கு நான் ஒருத்திதான் துணை. உண்மையைச் சொல்லி அதையும் எப்படிப் பறிப்பேன்?