கேமில் கிடைத்த நம்மாளு

வானவடி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவருடைய ஆன்லைன் கேம் கணக்கை எவனோ திருடிவிட்டானாம்.

"முன்னபின்ன தெரியாதவனுக்குப் போய் யாராவது பாஸ்வேர்டு குடுப்பாங்களா?"

"தமிழ்ல பேசினான். நம்மாளுன்னு நெனச்சேன்."

"கேம்ல பேரக்கூடச் சொல்லாதடான்னு பையனுக்குக் கிளாஸ் எடுத்தீங்க. தமிழ்ல கேட்டா பீரோ சாவியையும் குடுத்துருவீங்களா?"

"விடு. புதுக் கணக்கு ஆரம்பிச்சிட்டேன்."

"அதுக்கு என்ன பாஸ்வேர்டு வெச்சிருக்கீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் கண்டக்டரிடம் மராத்தியில் டிக்கெட் வாங்கியிருந்தேன்.

"அட, சும்மா சொல்லுங்க. இங்க எவனுக்குத் தமிழ் தெரியப்போகுது?"

சொன்னார். மகன் பெயர், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குத் தெளிவாகக் கேட்டது.