கடைசி பெஞ்சின் பத்து மதிப்பெண்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தாளாளர் திரு. கண்ணையா அவர்களே, தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, என்னோடு பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, தறியை நிறுத்திவிட்டும் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டும் வந்திருக்கும் பெற்றோர்களே, அழுது கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் என் மாணவிகளே! முன்வரிசையில் இருக்கும் சகோதரி மாரியாத்தாள் அவர்களே! உங்களுக்கு வணக்கம் சொல்லக் கை எழவில்லை அம்மா. உங்கள் கணவரின் படத்துக்கு இப்போதுதான் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

வணிகவியல் ஆசிரியன் சீனிவாசலு பேசுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். மேடை ஏறுவதற்கு முன்னால் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "சுருக்கமாப் பேசிப்போடுங்க சீனிவாசலு. வேற எதையும் எடுக்க வேண்டாமுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் நஞ்சுண்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த 'வேறு எதையும்' விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படித்தான் நிற்கிறேன்.

கணிதத்துறை முதுகலை ஆசிரியர் நஞ்சுண்டன்! சத்தியமங்கலத்துக்காரர். பவானி ஆற்றில் நீந்தி வளர்ந்த உடம்பு. அந்த உடம்புக்கு மாரடைப்பு வரும் என்று யார் நினைத்தோம்? புதன்கிழமை மாலை பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினார். வியாழக்கிழமை விடியலில் போய்விட்டார். பொதுத்தேர்வு அடுத்த மாதம். வகுப்பறையில் கரும்பலகையை இன்னும் யாரும் துடைக்கவில்லை. துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் 'நேரியல் திட்டமிடல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன், விஷயம் இவ்வளவுதான். கையில் இருப்பது இவ்வளவு, நேரம் இவ்வளவு. அதற்குள் எதை எவ்வளவு செய்தால் பலன் அதிகம்? அதுதான் கேள்வி. ஒவ்வொரு நிபந்தனைக்கும் வரைபடத்தாளில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் எந்தப் பக்கம் ஆகாதோ அந்தப் பக்கத்தைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அடிபடாமல் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த இடத்தின் முனைகளில் விடை இருக்கும். எழுதினால் பத்து மதிப்பெண்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பத்தோடு பதினொன்று. கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கோ இதுதான் உயிர்! வகைநுண்கணிதம் அவர்களுக்கு எட்டாது, அணிக்கோவை கையில் நிற்காது. இந்தக் கணக்குக்கு ஒரு ஸ்கேலும் பென்சிலும் பொறுமையும் இருந்தால் போதும். இந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று கண்டுகொண்டவர் நஞ்சுண்டன். மற்ற ஆசிரியர்கள் முதல் பெஞ்சைப் பார்த்துப் பாடம் நடத்துவோம். அவர் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் அவர்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்காருவார். "தள்ளி உக்காருங்க அம்மணி, நானும் இந்தக் கச்சிதானுங்க" என்பார்.

பாடப்புத்தகத்தில் நாற்காலியும் மேசையும் செய்கிற கம்பெனிக் கணக்கு இருக்கிறது. அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர் தேங்காய் எண்ணெய் எத்தனை டின் ஆட்டுவது, கடலை எண்ணெய் எத்தனை டின் ஆட்டுவது? தொண்டாமுத்தூரில் ஒரே கிணற்றுத் தண்ணீரை வாழைக்கு எவ்வளவு விடுவது, வெங்காயத்துக்கு எவ்வளவு விடுவது? இப்படிப் போகும் அவர் கணக்கு. ஒரு பெண் எழுந்து, "சார், தோட்டத்துல யானை வந்துட்டா என்னங்க சார் பண்றது?" என்று கேட்டாள். "யானைக்கும் ஒரு கோடு போட்டுரு கண்ணு. ஆனா அது கோட்ட மதிக்காது, பாத்துக்க" என்றார். வகுப்பே சிரித்தது. பக்கத்து வகுப்பில் பேரேடு நடத்திக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

அந்தப் பாடத்தில் நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். எதுவும் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனையை எழுதாமல் விட்டுவிடுவார்கள். விட்டால் விடை இடப்பக்கம் இறங்கி மைனஸில் போய் நிற்கும். நஞ்சுண்டன் திட்டவே மாட்டார். தாளைக் கையில் எடுத்து, "ஏங்கண்ணு, மைனஸ் ரெண்டு மணி நேரம் படிச்சயா? அப்ப போன வாரம் படிச்சதையும் மறந்துபோட்டயா?" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஜென்மத்துக்கும் அதை விடமாட்டாள்.

பெரியோர்களே! இப்போது லோகப்பிரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோகு, நிமிர்ந்து உட்கார் அம்மா. நீ வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆளுக்கொரு கணக்கு, அவரவர் வீட்டிலிருந்து எழுதி வாருங்கள் என்று ஒருநாள் சொல்லியிருந்தார். லோகப்பிரியாவின் அப்பா தனபால் வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறார். மாலை பள்ளி விட்டுப் போனதும் இவள் தறிக்குத் தார் சுற்ற வேண்டும். தார் என்றால் ஊடைநூல் சுற்றுகிற குச்சி, அது இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். இவள் எழுதிய நிபந்தனைகள் மூன்று. மாலையில் கையில் இருப்பது நான்கு மணி நேரம். தார் சுற்றக் குறைந்தது மூன்று மணி நேரம், அது அப்பா சொன்னது. படிக்கக் குறைந்தது இரண்டு மணி நேரம், அது சார் சொன்னது. மூன்று கோடும் போட்டாள். ஆகாத பக்கங்களை அடித்தாள். முழுத்தாளும் அடிபட்டுப் போயிற்று! எழுந்து நின்று, "சார், எடமே இல்லீங்க சார்" என்று அழுதுவிட்டாள்.

தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள் பாவம். நஞ்சுண்டன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ போட்டது சரி கண்ணு. இதுக்குத் தீர்வு இல்லைன்னு எழுது. முழு மார்க்கு" என்றார். முழு மதிப்பெண்ணும் போட்டார். போட்டுவிட்டு அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

மாலையில் என்னிடம் வந்தார். "சீனு, மொபெட்ட எடுங்க. ஒரு கோட்ட நகர்த்திட்டு வரலாம்" என்றார். போனோம். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. தனபால் தறியை நிறுத்திவிட்டு வந்தார். இங்கேதான் இருக்கிறார், பொய் சொன்னால் மறுக்கட்டும். "ஏனுங்க சார், தார் இல்லைன்னா தறி நின்னுபோயிருமுங்க. தறி நின்னா நாங்க எங்கீங்க போறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழியில்லை. "நிக்க வேண்டாமுங்க. ஒரே ஒரு மணி நேரம் மட்டும் அம்மணிய உட்டுப்போடுங்க" என்றார் நஞ்சுண்டன். அப்போது சமையல்கட்டிலிருந்து லோகுவின் தாயார் தெய்வாத்தாள் அம்மா ஈரக்கையோடு வந்து, "அந்த ஒரு மணி நேரத்த நானு சுத்திப்போடறனுங்க சார். புள்ள படிக்கட்டுமுங்க" என்றார்.

மூன்று மணி நேரம் இரண்டாயிற்று. மறுநாள் லோகு மீண்டும் கோடு போட்டாள். தார் இரண்டு, படிப்பு இரண்டு, மொத்தம் நான்கு. மூன்று கோடும் ஒரே புள்ளியில் வந்து சந்தித்தன. இடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு புள்ளி மட்டும். நிற்கலாம், திரும்பிப் பார்க்க முடியாது. கரண்ட் போனாலும் போச்சு, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் போச்சு.

நான் சந்தோஷப்பட்டேன். வென்றுவிட்டீர்கள் ஐயா என்று முதுகில் தட்டினேன். நஞ்சுண்டன் சந்தோஷப்படவில்லை. "கோடு எங்கீங்க நகந்துச்சு சீனு? அந்தம்மா தலைமேல போயி உக்காந்துக்கிச்சு" என்றார். அந்த ஒரு புள்ளியில்தான் இந்தப் பெண் இத்தனை மாதமாக நின்று படித்தாள். காலாண்டில் தோற்றாள், அரையாண்டில் விளிம்பில் தோற்றாள். இந்தத் திருப்புதல் தேர்வில் நேரியல் திட்டமிடலில் மட்டும் பத்துக்குப் பத்து வாங்கினாள்! யாருக்கு வரும் இந்த வைராக்கியம்?

இனி, எடுக்க வேண்டாம் என்று சொன்னதை எடுக்கிறேன். தாளாளர் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் சரி.

நம் பள்ளி வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலகைக்காக வருடா வருடம் என்ன நடக்கிறது என்பது மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும், கீழே இருப்பவர்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறோம். தேர்வு நெருங்கும்போது தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடுகிறோம். காப்பி கொடுக்கிறோம். "இந்த வருசம் வேண்டாமுங்க, அக்டோபர்ல தனியா எழுதிக்கட்டுமுங்க" என்று பக்குவமாகச் சொல்கிறோம். ஹால் டிக்கெட் பீரோவிலேயே இருந்துவிடுகிறது. அக்டோபருக்குள் அந்தப் பிள்ளை ஸ்பின்னிங் மில்லுக்குப் போயிருக்கும், அல்லது கழுத்தில் தாலி ஏறியிருக்கும். அக்டோபரில் எழுதியவள் ஒருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்!

இந்த வருடம் ஐந்து பெண்கள். ஐந்து பேரும் கடைசி பெஞ்சு. அதில் ஒருத்தி லோகப்பிரியா.

நஞ்சுண்டன் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலைமையாசிரியை அறையில், என் கண்முன்னால், தாளாளரிடம் சொன்னார். "ஐயா, நூறு சதவீதம்கிறதும் ஒரு கோடுதானுங்க. அதப் போட்டது நாமதானுங்க. நகர்த்தறதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க." தாளாளர் சிரித்துக்கொண்டே, "நீங்க கணக்கச் சொல்லிக் குடுங்க வாத்தியாரே, பள்ளிக்கூடத்த நாங்க பாத்துக்கறமுங்க" என்றார். கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். அது போன வாரம். அதற்குப் பிறகும் நஞ்சுண்டன் விடவில்லை. ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு தினமும் மாலையில் கோடு போட வைத்தார். தேறிக் காட்டினால் பேச்சுக்கே இடமில்லை அல்லவா? புதன்கிழமை மாலை கரும்பலகையில் அவர் போட்ட கணக்கும் அந்த ஐந்து பேருக்காகப் போட்டதுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மறைக்கப் போவதில்லை. என் வேலை தாளாளரின் ஒரு கையெழுத்தில் தொங்குகிறது. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். துக்க வீட்டில் சண்டை மூட்டினான் என்று நாளைக்கு ஊர் பேசும். தெரிந்துதான் பேசுகிறேன். இந்த ஐந்து பேரும் போகிற பக்கமெல்லாம் ஒருவர் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம். அப்பா ஒன்று போட்டார், தறி ஒன்று போட்டது, பள்ளிக்கூடம் ஒன்று போட்டது. போதாததற்கு, அவர்களுக்காக வாதாட இருந்த ஒரு மனிதரையும் எமன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடப்பாவி, ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா!

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும், நஞ்சுண்டன் விட்டுச்சென்ற பணியைத் தொடருவோம் என்று உறுதி சொன்னார்கள். தாளாளரும் சொன்னார். புதிய கட்டடத்தில் அவர் படத்தை மாட்டப்போவதாக அறிவித்தார். கைதட்டினோம். நான் கேட்கிறேன், எது அவர் விட்டுச்சென்ற பணி? படமா? கட்டடமா? இதோ, கடைசி வரிசையில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் அவர் விட்டுச்சென்ற பணி!

நான் கணக்கு வாத்தியார் இல்லை. ஆனாலும் பக்கத்து வகுப்பில் இருந்து கேட்டுக் கேட்டே இந்த ஒரு பாடம் எனக்கு வந்துவிட்டது. நாளை மாலையிலிருந்து அந்த ஐந்து பேருக்கும் நான் நடத்துவேன். தப்பாக நடத்தினால் எல்லோரும் திருத்துங்கள். தெய்வாத்தாள் அம்மா, நீங்கள் சுற்றிய தார் வீண் போகாது. நஞ்சுண்டன் ஐயா, உங்கள் படத்தின் முன்னால் இது என் உறுதி. என்னால் ஆவது இவ்வளவுதான். ஹால் டிக்கெட் என் கையில் இல்லை.

இப்போது மௌன அஞ்சலி. இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் எழுந்து நிற்போம். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்ப்பதில்லை. தலைமை வகிப்பவர் வாய்திறந்து 'அமரலாம்' என்று சொல்லும்வரை யாரும் உட்காருவதில்லை, யாரும் பேசுவதில்லை, யாரும் வெளியே போவதில்லை. இறந்தவருக்கு நாம் தருகிற மரியாதை அது. இதுவரை யாரும் அதை மீறியதில்லை.

தாளாளர் அவர்களே, இன்று 'அமரலாம்' என்று சொல்லாதீர்கள். 'ஐந்து பேரும் தேர்வு எழுதலாம்' என்று சொல்லுங்கள். நாங்கள் உட்காருகிறோம்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.